நேதாஜி படைத் தொப்பி தைப்பது பற்றி

ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) தொப்பி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மனதில் காந்தி தொப்பிதான் இருக்கிறது. வெள்ளைத் துணிக்குப் பதில் காக்கி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், "இந்தியன் படத்துல சேனாபதி போட்டிருப்பாரே, அது" என்பார்கள். 1996-இல் வந்த படம். அந்த வருஷம் பிறந்தே இராத பிள்ளைகளும் அதைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்கு வேலை சுலபம். ஏறக்குறைய சரியான தொப்பி அவர்கள் கண்ணிலேயே இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சோறு போடுவது பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் பாஜு கூரோங்கும்தான். பழைய ராணுவத் தொப்பி தைப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் நாடகத்துக்காக, ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தொப்பி கேட்டார். தைத்துக் கொடுத்தேன். அதன் படம் கைபேசிக்குக் கைபேசி தாவி, போர்க்காலச் சண்டைகளை அதே உடையில் நடித்துக் காட்டும் இளைஞர் குழுக்களுக்கும், பழைய ராணுவப் பொருள் சேர்ப்பவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது கெடா மட்டுமில்லை, பேராக், சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதனால் இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

அந்தத் தொப்பி ஐ.என்.ஏ.வுக்கென்று யாரும் புதிதாக வரைந்தது இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதற்கு 'ஃபீல்ட் சர்வீஸ் கேப்' என்று பெயர். வெயில் மறைக்கும் விளிம்பு கிடையாது. தட்டையாக மடியும், மடித்துத் தோள்பட்டை வாருக்கு அடியில் செருகிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் மேல்நோக்கி மடித்த பட்டை, நெற்றி நடுவில் இரண்டு சிறு பொத்தான். குளிர் நாட்டில் பொத்தானைக் கழற்றிப் பட்டையைக் காதை மூடுகிற மாதிரி இறக்கி, தாடைக்கடியில் பூட்டிக்கொள்வார்கள். மலாயா வெயிலில் அந்த வசதிக்கு வேலையே இல்லை. ஆனாலும் தொப்பியில் மடிப்பு இருந்தது. அதனால் நான் தைக்கிற தொப்பியிலும் பட்டை நிஜமாகவே கீழே இறங்கும். நாடகத்துக்கென்று விற்கிற தொப்பிகளில் பட்டையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பொத்தானை மேலே சும்மா வைத்திருப்பார்கள். மேசைமேல் இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. தலையில் வைத்தால் தெரியும். நிஜ மடிப்பு உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகலில்தான் அதன் கம்பீரமே இருக்கிறது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் கிடங்குகளில் ஏராளமான ராணுவச் சாமான்கள் ஜப்பான்காரன் கைக்குப் போயின. ஐ.என்.ஏ. உடுத்தியது பெரும்பாலும் அந்தக் காக்கிதான். வெள்ளைக்காரனுக்காகத் தைத்த சட்டை, வெள்ளைக்காரனுக்காகத் தைத்த தொப்பி. சின்னத்தை மாற்றிக் குத்திக்கொண்டு அவனையே எதிர்த்து நின்றார்கள். நடிப்புக் குழுப் பையன்கள், "இதுக்குன்னு தனியா ஒரு டிசைன் இருக்குமேக்கா" என்று ஏமாற்றத்தோடு கேட்கும்போது இதைத்தான் சொல்வேன். தனி வடிவம் இல்லை என்பதே இந்தத் தொப்பியின் கதை.

என்னிடம் தொப்பி சொல்ல வருகிற எவரிடமும் அளவெடுப்பதற்கு முன்னால் கேட்பது: எந்த வருஷம், எந்த ஊர், யாராக நிற்கப் போகிறீர்கள்?

கெடா பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஜித்ரா சண்டையை நடித்துக் காட்ட ஆசை. நம் மண்ணில் நடந்த பெரிய சண்டை அது. 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை, அடைமழையில், 11-வது இந்திய டிவிஷன் அங்கே உடைந்து போனது. அதில் ஐ.என்.ஏ. தொப்பிக்கு இடமே கிடையாது, அப்போது ஐ.என்.ஏ.வே இல்லை. ஜித்ராவில் நின்றவர்களில் பஞ்சாப் படைப்பிரிவுகள் உண்டு, அவர்களுக்குத் தலைப்பாகையும் இரும்புத் தொப்பியும். கூர்க்காக்களுக்கு அகல விளிம்பு வைத்த கம்பளித் தொப்பி. லெஸ்டர்ஷயர், ஈஸ்ட் சரே என்று இரண்டு வெள்ளைக்காரப் பட்டாளங்கள்; நான் தைக்கிற மடிப்புத் தொப்பியைச் சண்டை இல்லாத நேரத்தில் போட்டவர்கள் அவர்கள்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அவர்கள் தலையிலும் இரும்புத் தொப்பி ஏறிவிடும். ஆகவே ஜித்ரா சண்டைக் காட்சிக்கு என் தொப்பியே வேண்டாம் என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

ஆனால் கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. 14-வது பஞ்சாப் படையின் முதல் பட்டாளத்தில் கேப்டனாக இருந்த மோகன் சிங், படை சிதறியபின் சிலரோடு காட்டில் அலைந்து, கடைசியில் அலோர் ஸ்டாரில் ஜப்பானிய உளவுப் பிரிவு மேஜர் புஜிவாராவையும் அவரோடு வந்த கியானி பிரீதம் சிங்கையும் சந்தித்தார். ஊரில் கொள்ளை நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு மோகன் சிங்கிடம் வந்தது. இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் உருப்பெற்றது அந்த டிசம்பர் நாட்களில், நம்முடைய அலோர் ஸ்டாரில். புஜிவாராவோடு சேர்ந்தவர்களை அப்போது பிரித்துக் காட்டியது தொப்பி இல்லை, கையில் கட்டிய பட்டை. அதில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து. 1941 டிசம்பர் அலோர் ஸ்டாரை யாராவது நடித்துக் காட்ட நினைத்தால் கைப்பட்டையைத் தைத்துத் தருகிறேன், அரை மணி நேர வேலை. இதுவரை யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் நேதாஜிதான் வேண்டும்.

நேதாஜி வந்தது 1943 ஜூலையில். அதற்குள் மோகன் சிங்கின் முதல் படை ஜப்பானியரோடு முட்டிக்கொண்டு கலைந்து போயிருந்தது. நேதாஜி வந்தபின்தான் சிப்பாய்களாக இல்லாத சாதாரண ஜனங்கள் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். அதில் நம் தோட்டத்து ஆட்கள் நிறைய. என் அக்கறை முழுக்க அந்தக் காலத் தொப்பிமேல்தான்.

இனி தைப்பது.

துணி, சுத்தமான பருத்தி டிரில். பாலியெஸ்டர் கலந்த துணி கசங்காது, துவைத்தால் சீக்கிரம் காயும், பள்ளிச் சீருடைக்கு அதுதான் நல்லது. ஆனால் வெயிலில் அது மினுக்கும். பழைய படங்களில் இருக்கிற காக்கி வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு அமைதியாக இருக்கும். கடையில் கலப்பில்லை என்று சொன்னாலும் நான் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுவிடும்.

வாங்கின துணியை அப்படியே வெட்டக்கூடாது. பருத்தி டிரில் முதல் தண்ணீரில் சுருங்கும். சட்டையில் அரை அங்குலம் சுருங்கினால் யாருக்கும் தெரியாது. தொப்பியில் சுருங்கினால் அது தலையிலேயே ஏறாது. ஒரு ராத்திரி ஊற வைத்து, பிழியாமல் தொங்கவிட்டுக் காய வைத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே அயர்ன் போட்டு எடுத்தால்தான் வெட்டுக்கு ஆகும்.

அளவு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரிட்டிஷ் தொப்பி அளவு 6¾, 7, 7⅛ என்று போகும். எங்கிருந்து வந்த எண் என்று பல பேருக்குத் தெரியாது. தலைச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 22/7 ஆல் வகுத்துப் பாருங்கள். 22 அங்குலத் தலை என்றால் கணக்குப் பிசகாமல் 7 வரும். ஏறக்குறைய வட்டத்தின் விட்டம், அவ்வளவுதான். இன்ச் டேப்பை புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, பின்னந்தலை மேட்டைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இந்தத் தொப்பியில் எலாஸ்டிக் கிடையாது, பின்னால் இழுத்துக் கட்டும் வாரும் கிடையாது. கால் அங்குலம் கூடினால் காதில் இறங்கும், கால் அங்குலம் குறைந்தால் உச்சியில் தொத்திக்கொண்டு நிற்கும்.

வெட்டும்போது தலையைச் சுற்றி வருகிற திசை, நெசவின் நேர்நூல் திசையாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் நாளடைவில் விளிம்பு இழுபட்டுத் தளர்ந்துவிடும். பக்கத் துண்டு இரண்டு, மடிப்புப் பட்டைக்கு உள்ளும் வெளியும் சேர்த்து நான்கு, உச்சிக்கு மாவிலை வடிவில் ஒன்று. இது போக உள்துணி, நெற்றி வியர்வைப் பட்டை.

கஷ்டம் முழுக்க அந்த உச்சித் துண்டில்தான். அது வெளியே தெரியக்கூடாத துண்டு. தொப்பியைத் தலையில் வைக்கும்போது இரண்டு பக்கமும் விரிய, நடுவில் உச்சித் துண்டு திறந்து தலைக்கு இடம் கொடுக்கும்; கழற்றினால் உள்ளே மடிந்து மறைந்துவிடும். முன்முனையிலும் பின்முனையிலும் மூன்று தையல் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். அங்கே மிஷினை ஓட்டிக்கொண்டு போனால் சுருக்கம் விழும். நான் முனைக்கு அரை அங்குலம் முன்பே மிஷினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குவேன். கடைசித் தையல் விழுந்ததும் ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பிறகு அடுத்த பக்கம். அம்மாவிடமிருந்து வந்த கால்மிதி சிங்கர் மிஷின் இந்த இடத்துக்குத்தான் உதவுகிறது. மோட்டார் மிஷின் இப்படி நின்று நிதானித்து வராது.

மடிப்புப் பட்டையின் மேல்விளிம்பில் ஓரத்திலிருந்து ⅛ அங்குலம் தள்ளி ஒரே ஒரு வரித் தையல். தையல் நெருக்கம் அங்குலத்துக்குப் பத்து, பதினொன்று. காஜா கையால் எடுக்கிறேன். உள்துணி போட்டு எல்லாப் பிசிறையும் உள்ளே அடைத்துவிடுகிறேன். நெற்றிப் பட்டைக்குத் தோல் கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும், பருத்திப் பட்டைதான் நிற்கும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜான்சி ராணிப் படைக்கு 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்தார்கள். தலைமை கேப்டன் லட்சுமி. ராசம்மா பூபாலன், கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி தேவர் என்று பெயர் நிலைத்தவர்கள் சிலர். பெயர் எழுதப்படாமல் போன தோட்டத்துப் பெண்கள் அவர்களைவிடப் பல மடங்கு. முடியைக் கத்தரித்துக்கொண்டவர்கள் பலர் என்பதைப் படங்களில் பார்க்கலாம். இன்று நாடகத்துக்கு வரும் பிள்ளைகள் முடியை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு வந்து, தொப்பி உட்காரவில்லை என்கிறார்கள். பின்கழுத்தோடு தாழ்த்திக் கட்டிக்கொண்டு வாருங்கள், முடியோடு சேர்த்து அளவெடுக்கிறேன். ஆசிரியைகளுக்கும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்கள் போட்டது காக்கிச் சட்டையும் கால்சட்டையும். சேலைமேல் தொப்பி வைக்க வேண்டாம்.

ஜப்பானியத் தொப்பியும் தைக்கிறேன். முன்னால் நட்சத்திரம், பின்கழுத்தில் வெயிலுக்கு நான்கு துணிப்பட்டை தொங்கும். எதிரி இல்லாமல் சண்டைக் காட்சி கிடையாது. ஆனால் பாட்டி உயிரோடு இருந்தவரை அதைக் கடையில் வைத்துத் தைத்ததில்லை. அவர் தம்பியைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்கள் தலையில் இருந்தது அந்தத் தொப்பி. தம்பி திரும்பவில்லை.

பாட்டியிடமிருந்துதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. ஜப்பான் காலத்தில் துணியே கிடையாது. பால்மரமெல்லாம் வெட்டில்லாமல் நிற்க, ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிழைத்தார்கள். உடம்பில் கோணிச்சாக்கு. சாக்கைப் பிரித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தோள்பட்டையெல்லாம் அரித்துப் புண்ணாகிக் கிடந்ததைப் பாட்டி சொல்லும்போது கை தானாகத் தோளுக்குப் போகும். அப்படிப்பட்ட நேரத்தில் லயத்திலிருந்து கிளம்பிப் போன பையன் முழுக் காக்கியில், தலையில் தொப்பியோடு நின்றதை நினைத்துப் பாருங்கள். தேசபக்தி இருந்தது. நேதாஜி பேச்சைக் கேட்டுக் கழுத்திலிருந்த தாலிக்கொடி வரை கழற்றிக் கொடுத்த ஊர்கள் இருந்தன. அதோடு பசியும் இருந்தது, சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவானே என்ற பயமும் இருந்தது. படையில் சேர்ந்தால் ரயில் பாதைக்குப் போக வேண்டாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொன்னால் தியாகத்தைக் குறைத்துவிட்டதாக ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிருக்குப் பயந்து சேர்ந்தவனும் பர்மா எல்லைக்கு நடந்துதான் போனான்.

அந்தத் தொப்பிகள் எங்கே போயின? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சிங்கப்பூர்க் கடற்கரையில் ஜூலையில்தான் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை மவுண்ட்பேட்டன் உத்தரவில் செப்டம்பரிலேயே இடித்துத் தள்ளினார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்து வீட்டில் துணித் தொப்பியை யார் வைத்திருப்பார்கள்? அடுப்பில் போட்டோம், கிணற்றில் போட்டோம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்னத்தைப் பிய்த்துவிட்டு அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு மாடு மேய்த்ததாகவும் சொன்னார்கள். அசல் தொப்பி நம் பக்கம் அநேகமாகக் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். கிடைக்காததால்தான் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால்தான் போலி வருகிறது.

இதில் எனக்கு நேரடியாக அடி விழுந்தது. நான் தைத்துக் கொடுத்த தொப்பி ஒன்று, கொஞ்ச காலம் கழித்து, மங்கலாகி அழுக்கேறி, 'பர்மா போர்முனையிலிருந்து' என்ற கதையோடு விற்பனைக்கு வந்ததைப் படத்தில் பார்த்தேன். காஜா என் கை. என் காஜாவை எனக்குத் தெரியாதா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எந்தக் குடும்பமும் அந்தத் தொப்பியை இழக்கவில்லை, எந்தப் பையனும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நடந்ததாக ஆகிவிடும். நிஜமாக நடந்தவனுக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

அதிலிருந்து இரண்டு காரியம் செய்கிறேன். உள்துணியில் நான் தைத்த வருஷத்தை அழியாத மையில் அச்சிடுகிறேன். உள்துணியை மூடுகிற கடைசித் தையலை மட்டும் வெள்ளை பாலியெஸ்டர் நூலால் போடுகிறேன். அச்சைச் சுரண்டலாம், உள்துணியையே வெட்டி மாற்றலாம். ஆனால் அந்தத் தையல் நெற்றிப் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நோட்டுச் சரிபார்க்கிற ஊதா விளக்கைப் பிடித்தால் நீலமாகப் பளீரென்று மின்னும். மற்றதெல்லாம் பருத்தி நூல், மங்கலாகக் கிடக்கும். இதை வெளியில் சொல்வதால் பாதகமில்லை. சொன்னால்தான் வாங்குகிறவர்கள் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

"அக்கா, கொஞ்சம் பழசாக்கிக் குடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கு முடியாது என்பதுதான் பதில். நடிப்புக்காக என்றால் நீங்களே போட்டுப் பழசாக்குங்கள், நம் வெயிலுக்கு ஒரு பருவம் போதும். போலி செய்கிறவர்கள் தேயிலைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள், மண்ணில் புதைப்பார்கள், உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்ப்பார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. மடிப்புப் பட்டையை இறக்கிப் பாருங்கள். நிஜமாக வெயிலில் வாழ்ந்த தொப்பி என்றால் வெளிப்பக்கம் வெளுத்து, மடிப்புக்குள் மறைந்திருந்த இடம் பழைய நிறத்திலேயே இருக்கும். தேயிலையில் ஊறியது உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. வியர்வைக் கறை நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் கூடுதலாக இருக்க வேண்டும், சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சின்னத்தில் இன்னும் பெரிய குழப்பம். ஒருமுறை ஜித்ரா பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தோட்டத்து மண்ணில் கிடைத்த பித்தளைச் சின்னத்தைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு வந்தார். புலி. புலிக்கு மேலே 'ஹிந்துஸ்தான்' என்று பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது. "நேதாஜி புலிக்கா" என்றார், கண்ணெல்லாம் ஈரம். அதை ஒரு தொப்பியில் குத்தித் தரச் சொன்னார். அது லெஸ்டர்ஷயர் பட்டாளத்தின் சின்னம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பல வருஷம் சண்டை போட்டதற்காக 1825-இல் பிரிட்டிஷ் ராஜா அவர்களுக்குக் கொடுத்த புலியும் பெயரும் அது. நம்மை அடக்கியதற்குக் கிடைத்த பரிசு ஜித்ரா மண்ணில் விழுந்து கிடந்திருக்கிறது. தம்பிக்கு முதலில் மனசு விட்டுப் போனது. உட்கார வைத்துப் பேசினேன். அந்த வெள்ளைக்காரப் பையனும் மழையில் நனைந்து ஓடியவன்தானே, சின்னத்தைச் சின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்தார்.

பாயும் புலி இன்னொன்று இருக்கிறது. மூவர்ணத்தில் பாய்கிற புலி, மேலே 'ஃப்ரைஸ் இந்தியன்' என்ற ஜெர்மன் எழுத்து. அது நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது அங்கே உருவான இந்தியப் படையின் கைச்சின்னம். சட்டைக் கையில் தைப்பது. மலாயாவில் சேர்ந்த நம் ஆள் அதைப் போட்டிருக்க வழியில்லை. இங்கே தொப்பிக்கு இந்திய வரைபடம் பொறித்த பித்தளைச் சின்னத்தையே கேளுங்கள். அதில் எல்லைக்கோட்டைப் பாருங்கள். 1947-க்கு முந்திய இந்தியா அது. லாகூரும் டாக்காவும் உள்ளே இருக்கும். பிரிவினைக்குப் பிந்திய வரைபடத்தை வெட்டி, 'ஒரிஜினல்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தொப்பியோடு வருகிற தாள்தான் முக்கியம் என்பதற்கு நேதாஜியின் தொப்பியே உதாரணம். 2019 ஜனவரி 23-இல் டெல்லி செங்கோட்டையில் புது அருங்காட்சியகம் திறந்தபோது போஸ் குடும்பத்தார் அவர் அணிந்த தொப்பியை அதற்குக் கொடுத்தார்கள். 2021-இல் அதே தொப்பியைக் காணோம் என்று பேச்சு கிளம்பியது. பிறகு, கல்கத்தா விக்டோரியா மெமோரியல் கண்காட்சிக்கு இரவலாகப் போயிருக்கிறது என்று தொல்லியல் துறை விளக்கம் சொன்னது. உலகமே அறிந்த தொப்பிக்கே இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வருகிறது.

இப்போது நான் தேடுவது வேறொன்று. போர் முடிந்தபின் ஐ.என்.ஏ. பயிற்சி நம் தோட்டங்களில் அப்படியே செத்துவிடவில்லை. நம் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. பெரட்டுக்கு நின்று துரையிடம் பேர் கொடுத்த அதே ஆட்கள், சாயங்காலம் தங்களுக்காக வரிசையில் நின்று அணிவகுத்தார்கள். குடியை ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் முதல் வேலை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பு போலீசோடு மோதலாக வெடித்தது. அடுத்த ஆண்டு அவசரகாலம் வந்து அந்தக் காலத்து அமைப்புகள் எல்லாம் ஒடுங்கின. அந்தப் படையில் நின்றவர்கள் என்ன உடுத்தினார்கள்? தலையில் என்ன இருந்தது? பட்டாளத்துத் தொப்பியையே தொடர்ந்தார்களா, தோட்டத்துத் தையல்காரர் யாராவது கிடைத்த துணியில் தைத்துக் கொடுத்தாரா? தைத்திருந்தால் அந்த வெட்டு எப்படி இருந்திருக்கும்? என் பேட்டர்ன் பிரிட்டிஷ் தொப்பியிலிருந்தும் படங்களிலிருந்தும் எடுத்தது. கெடா தோட்டத்துக் கை தைத்த தொப்பி ஒன்றை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ஹார்வர்ட், பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் இருக்கிற குடும்பங்களே, தோட்டம் செம்பனையாக மாறி, நீங்கள் தாமான் வீட்டுக்குக் குடிபோனபோது தகரப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்திருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். காக்கித் துணி எதுவாக இருந்தாலும் துவைக்க வேண்டாம். சின்னம் இருந்தால் பிராசோ போட்டுத் தேய்க்க வேண்டாம், கழற்றவும் வேண்டாம். களிம்புக் கறை எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்பதிலிருந்தே அது முதலிலிருந்து அங்கே இருந்ததா என்று சொல்லிவிடலாம். செய்தித்தாளில் சுற்றாமல் வெளுத்த பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். என்னிடம் விற்கச் சொல்லவில்லை, நான் வாங்குவதும் இல்லை. கடைக்குக் கொண்டு வந்தால் உங்கள் முன்னாலேயே மேசையில் விரித்து, ஒரு தையலும் பிரிக்காமல், தாளில் அச்சு எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன். வர முடியாத பெரியவர்கள் என்றால் சொல்லி அனுப்புங்கள், இன்ச் டேப்போடு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை பூட்டியிருக்கும்.